மழை பொய்த்ததா, வரத்துக்கால் பொய்த்ததா? கண்டரமாணிக்கம் பக்கத்துக் கண்மாய்கள் சொல்லும் கணக்கு

புரட்டாசி பிறந்ததும் கண்டரமாணிக்கம், பட்டமங்கலம், கல்லல் பக்கம் ஏதாவது ஒரு கண்மாய்க்கரையில் நின்று, ‘இந்த வருஷம் எப்படி?’ என்று கேட்டுப் பாருங்கள். பருவநிலை மாற்றம் என்ற சொல் பெரும்பாலும் யார் வாயிலும் வராது. ‘காலம் மாறிப்போச்சு, பட்டம் தப்பிப்போச்சு’ என்பார்கள். அடுத்த மூச்சிலேயே, ‘வரத்துக்கால் அடைஞ்சு கெடக்கு, மழை பேஞ்சு என்ன ஆகப்போகுது’ என்பார்கள்.

இரண்டும் ஒரே புலம்பல்போலக் கேட்கும். ஆனால், இவை இரண்டு வெவ்வேறு நோய்க்கணிப்புகள். முதலாவது வானத்தைக் குற்றம் சொல்கிறது. இரண்டாவது தரையைக் குற்றம் சொல்கிறது. நீங்கள் இதில் எதை நம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் இந்தப் பட்டத்தில் என்ன விதைப்பீர்கள், எந்த அலுவலகத்தின் வாசலில் போய் நிற்பீர்கள் என்பது முடிவாகும். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவைத்துவிடலாம். ‘கிராமத்து மக்களுக்குப் பருவநிலை மாற்றம் பற்றித் தெரியாது’ என்று நகரத்துக் கருத்தரங்குகளில் சொல்வதுண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் இந்தியா முழுவதும் 4,031 பேரிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தினார்கள். ‘புவி வெப்பமயமாதல்’ என்பதைக் கேள்விப்பட்டதே இல்லை, அல்லது தெரியாது என்று 41 சதவிகிதம் பேர் சொன்னார்கள். அதற்கு என்ன பொருள் என்று இரண்டு வரியில் விளக்கிவிட்டுத் திரும்பக் கேட்டபோது, ‘ஆமாம், அது நடக்கிறது’ என்றார்கள் 72 சதவிகிதம் பேர். அதே குழு 2022-ல் கேட்டபோது இது 84 சதவிகிதமாக ஏறியிருந்தது. மக்களுக்குத் தெரியாதிருந்தது அந்தச் சொல் மட்டும்தான். மழைச்சோறு எடுத்தும் கொடும்பாவி இழுத்தும் ஐயனாருக்குப் புரவி எடுத்தும் வானத்தைப் பார்த்துப் பழகிய ஊர்களுக்கு மழையின் நடத்தை மாறியதைப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வானம் உண்மையிலேயே மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்கு ஏறக்குறைய 90 செ.மீ. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு வடகிழக்குப் பருவமழை. மீதியில் பெரும்பகுதி ஆடி, ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடியோடு வரும் கோடைமழையைப் போன்ற மழை. இந்தச் சராசரி பெரிதாகச் சரிந்துவிடவில்லை. சரிந்திருப்பது அதன் ஒழுங்கு. 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவிகிதம் குறைந்தது. 140 ஆண்டுகளில் இல்லாத குறைவு. 2017 ஜனவரியில் அப்போதிருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. ஐந்தே ஆண்டில், 2021-ல், அதே பருவமழை இயல்பைவிட 59 சதவிகிதம் கூடுதல். அதே 2021-ன் ஜனவரியில், கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்ற நேரத்தில் பெய்த மழை, டெல்டாவிலிருந்து ராமநாதபுரம் வரை நெல்லை வயலிலேயே முளைக்க வைத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 செ.மீ. கொட்டியது. நமக்கு ஓராண்டில் பெய்வதைவிட அதிகம்.

காரணம் எளியது. காற்று 1 டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவிகிதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். அதனால் நாள் கணக்கில் பிடித்துவைத்து, மணிக்கணக்கில் கொட்டிவிடுகிறது. 1901-லிருந்து 2018-க்குள் இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி உயர்ந்திருப்பதாக மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020-ம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. மழைநாள்கள் குறைந்து, ஒவ்வொரு மழையின் கனம் கூடுகிறது. நம் ஊர்க்காரர்கள் ‘பேஞ்சா ஒரேயடியா பேயுது, இல்லேன்னா இல்லவே இல்ல’ என்று சொல்வதும் இதைத்தான்.

அப்படியானால் கண்மாய் ஏன் நிரம்பவில்லை?

இங்கேதான் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஓர் இடம் இருக்கிறது. மானாவாரி நிலத்துக்கு வேண்டியது தூறலும் சாரலுமாக இடைவெளி விட்டுப் பெய்கிற மழை. கண்மாய்க்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். அரை செ.மீ. மழை பத்துத் தடவை பெய்தால் செம்மண்ணும் செம்புராங்கல்லுமாகக் கிடக்கும் நம் நிலம் அவ்வளவையும் குடித்துவிடும். கண்மாய்க்கு ஒரு குடம்கூட வராது. அதே 5 செ.மீ. ஒரே இரவில் பெய்தால், மண் குடித்தது போக மிச்சம் ஓடிவரும். கண்மாய் என்பதே கொட்டித் தீர்க்கும் மழையைப் பிடித்துவைக்க நம் முன்னோர் கட்டிய ஏற்பாடு.

ஆக, மழை இப்போது கண்மாய்க்கு ஏற்ற விதத்தில்தான் பெய்கிறது. ஆனாலும், அடைமழை பெய்த ஆண்டுகளில்கூட பாதிக் கண்மாயும் நிரம்பாமல் கிடக்கிறது என்றால், அந்தக் குற்றத்தை வானத்தின் தலையில் கட்ட முடியாது. ‘பருவநிலை மாற்றம்’ என்று அலுவலகத்தில் யாராவது உங்களிடம் கையை விரித்தால், இந்தக் கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: மழை பெய்த இரவில் அந்தத் தண்ணீர் எங்கே போனது?

பெரும்பாலும் மூன்று இடங்களுக்குப் போயிருக்கும். ரோடு போடும்போது சிறு குழாயை மட்டும் பதித்து மூடிய வாய்க்காலில் தேங்கி, பக்கத்து மனைப்பிரிவுக்குள் புகுந்திருக்கும். அல்லது சீமைக்கருவேலம் மண்டிய வரத்துக்காலில் வேகம் குறைந்து, வண்டலை அங்கேயே இறக்கி, கரை உடைத்து வெளியே போயிருக்கும். அல்லது மேல் கண்மாயின் கலுங்கை யாரோ உயர்த்திக் கட்டியதால் கீழ்க் கண்மாய்க்கு வரவே இல்லாமல் போயிருக்கும். நம் கண்மாய்கள் சங்கிலியாகக் கோத்தவை. ஒன்று மறுகால் பாய்ந்தால்தான் அடுத்ததற்கு உயிர். இடையில் ஒரு கண்ணி அறுந்தால் கீழே உள்ள ஐந்து ஊருக்கு ‘மழை பொய்த்துவிடும்’.

சீமைக்கருவேலத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அது காற்றிலிருக்கும் ஈரத்தை எல்லாம் உறிஞ்சி மழையையே தடுத்துவிடுகிறது என்று சொல்வதில் மிகை அதிகம். தரிசில் நிற்கும் கருவேலம் மூட்டம் போட்டுக் கரி விற்கும் பல ஏழைக் குடும்பங்களின் அடுப்பு. ஆனால் கண்மாய் உள்வாயிலும் வரத்துக்காலிலும் நிற்கும் கருவேலத்துக்கு எந்த நியாயமும் இல்லை. எதிர்க்க வேண்டியது மரத்தை அல்ல, அது நிற்கும் இடத்தை.

100 ஏக்கர் கண்மாய்க்கு ஒரு கணக்கு

கணக்கு எளிதாக இருக்க, நீர் நிற்கும் பரப்பு 100 ஏக்கர், ஆயக்கட்டும் 100 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். நெல்லுக்கு ஒரு பாய்ச்சலுக்கு 5 செ.மீ. தண்ணீர் கட்டுகிறோம். அதாவது ஏக்கருக்குச் சுமார் 2 லட்சம் லிட்டர்; 100 ஏக்கருக்கு 2 கோடி லிட்டர்.

வெயிலில் கண்மாயிலிருந்து ஒரு நாளைக்கு அரை செ.மீ. அளவுக்குத் தண்ணீர் ஆவியாகும். பத்து நாளைக்கு 5 செ.மீ. ஆக, பத்து நாள் வெயில் உங்களிடமிருந்து ஒரு பாய்ச்சலை எடுத்துக்கொண்டு போகிறது. வெப்பம் கூடக் கூட இந்தப் பத்து நாள் ஒன்பதாகும், எட்டாகும். இது வானம் செய்வது. தடுக்க முடியாது.

கண்மாயில் ஓர் அடி, அதாவது 30 செ.மீ. வண்டல் படிந்திருந்தால் போனது எவ்வளவு? ஆறு பாய்ச்சல். இது நாம் விட்டது. கார்த்திகை கடைசியில் பால் பிடிக்கும் பயிருக்கு இரண்டு பாய்ச்சல் இல்லாமல் எத்தனை முறை கருக விட்டிருக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் அந்தத் தண்ணீர் மடை வழியாக வயலுக்கு வராது. நிலத்தடியில் இறங்கும், ஆடுமாடு குடிக்கும், அவ்வளவுதான். பாசனத்துக்குப் பயன்படுவது மடை மட்டத்துக்கு மேலே படிந்த மண்ணை எடுப்பதுதான். ‘தூர்வாருகிறோம்’ என்று ஓர் ஓரத்தில் மட்டும் பள்ளம் பள்ளமாகத் தோண்டி லாரியில் ஏற்றினால், அங்கே நடப்பது மண் வியாபாரம். ஊரார் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பொறுப்பு யாருடையது?

ஜமீன் ஒழிப்புக்கு முன்பு சிவகங்கைச் சீமையின் கண்மாய்கள் ஜமீனின் பொறுப்பில் இருந்தன. 1948-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அரசின் கைக்கு வந்தன. இப்போது 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. இரண்டு துறைக்கும் கண்மாயின் கரை தெரியும். இரண்டு மூன்று வருவாய்க் கிராமங்களைத் தாண்டி வரும் வரத்துக்கால் யாருடைய பொறுப்பு என்று கேட்டால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

‘அந்தக் காலத்தில் ஊரே கூடிக் குடிமராமத்து செய்தது’ என்று பெரியவர்கள் சொல்லும்போது நாமும் தலையாட்டுகிறோம். அது பாதி உண்மை. 1858-லேயே ஆங்கிலேய அரசு அதற்குக் கட்டாய உழைப்புச் சட்டம் போட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, எல்லாரும் மனமுவந்து மண்வெட்டி எடுக்கவில்லை என்பது தெரியும். சிவகங்கைப் பகுதியின் கண்மாய்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2003-ல் நூல் எழுதிய மானிடவியலாளர் டேவிட் மாஸ், கண்மாய்ப் பராமரிப்பு ராஜா, ஜமீன், சாதி ஆகிய அதிகாரங்களோடு பின்னிக் கிடந்ததை விரிவாகக் காட்டியிருக்கிறார். மடை திறந்தவரும் வாய்க்கால் வெட்டியவரும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். தண்ணீர் முதலில் பாய்ந்தது வேறொருவர் வயலுக்கு. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இலவசமாக வந்து மண் சுமக்கவில்லையே என்று வருத்தப்படுவதில் நியாயமில்லை. 2017-ல் அரசு 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளோடு குடிமராமத்தை மறுபடி தொடங்கியபோது பெயர் திரும்பி வந்தது. பழைய நீர்பாய்ச்சி திரும்பி வரவில்லை. சம்பளம் கொடுக்காமல் அவர் வரவும் மாட்டார்.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. கண்டரமாணிக்கம்போன்ற நகரத்தார் ஊர்களில் கல் படிக்கட்டு கட்டிய ஊருணிகள்தாம் குடிதண்ணீர் தந்தன. கால் வைத்து இறங்கிக் கழுவக்கூடாது, மாட்டை விடக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. பெரிய வீடுகளின் கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழுந்து சேகரமானது. 5,000 சதுர அடிக் கூரையில் ஆண்டு மழை முழுவதும் விழுந்தால் 4 லட்சம் லிட்டர். இப்போது காவிரித் தண்ணீர் திருச்சியிலிருந்து குழாயில் வருகிறது. பெண்களின் இடுப்புச் சுமை குறைந்தது பெரிய விஷயம்; அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால், குடிதண்ணீர் வேறெங்கிருந்தோ வரத் தொடங்கிய நாளிலிருந்து ஊருணியைப் பார்க்க ஊருக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. போர் போட்டவருக்குக் கண்மாயைப் பார்க்கக் காரணம் குறைந்ததும் இதே போலத்தான். கண்மாயை மட்டும் நம்பி மிஞ்சியிருப்பவர்கள் சிறு நிலக்காரர்களும் குத்தகைக்காரர்களும். கூட்டத்தில் அவர்கள் குரல் எடுபடுவதில்லை.

காவிரி–வைகை–குண்டாறு இணைப்பு வந்தால் எல்லாம் சரியாகும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. கரூர் மாயனூர் கதவணையிலிருந்து 262 கி.மீ. கால்வாய், மதிப்பீடு 14,400 கோடி ரூபாய், 2021 பிப்ரவரியில் அடிக்கல். முதல் கட்டமான 118 கி.மீ. தெற்கு வெள்ளாறு வரை. நம் மாவட்டத்துக்கு வருவது அதற்குப் பிந்தைய இரண்டாம் கட்டம். வர வேண்டிய திட்டம்தான். ஆனால் அது கொண்டுவரப்போவது காவிரியில் வெள்ளம் போகும் நாள்களின் உபரி. அந்தத் தண்ணீரும் கடைசியில் இதே கண்மாய்ச் சங்கிலிக்குள்தான் இறங்கியாக வேண்டும். அப்போதும் வரத்துக்கால் அடைந்து கிடந்தால் என்ன செய்வோம்?

இந்தப் பட்டத்துக்குச் செய்ய வேண்டியவை

வானத்தைப் பற்றிய பாதியை விதையில் காட்டுங்கள். 135 நாள் நெல்லைக் கண்மாயை நம்பிப் புழுதியில் விதைப்பது இப்போது சூதாட்டம். பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் 2009-ல் வெளியிட்ட அண்ணா (ஆர்) 4 நூறு, நூற்றைந்து நாளில் வரும், வறட்சியைத் தாங்கும். விதையைக் கடினப்படுத்தி விதையுங்கள்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு, ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் கரைசல், 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்த வேண்டும். நடுவில் மழை இழுத்துக்கொண்டு போனால் அதே 1 சதவிகிதக் கரைசலைத் தெளிக்கலாம். அல்லது ஏக்கருக்கு 500 மி.லி. பி.பி.எஃப்.எம். நுண்ணுயிர்க் கரைசல். சந்தேகம் இருந்தால் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையமும், செட்டிநாடு மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிலையமும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன.

பயிர்க் காப்பீட்டைப் பலரும் கார்த்திகையில், பயிர் வாடுவதைப் பார்த்தபிறகு நினைக்கிறார்கள். சம்பா நெல்லுக்கு உங்கள் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவிகிதம் மட்டுமே. கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் நடுவில் வரும். மழை இல்லாமல் ஒரு பகுதியில் 75 சதவிகிதத்துக்கு மேல் விதைக்க முடியாமல் போனால், ‘விதைப்பு இயலாமை’ என்ற பிரிவில் காப்பீட்டுத் தொகையில் 25 சதவிகிதம் கிடைக்க வழி இருக்கிறது. ஆனால், அரசு அதை அறிவிப்பதற்கு முன்பே நீங்கள் பதிந்திருக்க வேண்டும். மகசூல் இழப்பை ஒரு கிராமத்தில் நான்கு வயலில் அறுவடை செய்து சராசரி பார்த்து முடிவு செய்கிறார்கள். அந்த நான்கில் இரண்டு போர்த் தண்ணீர் வயலாக அமைந்துவிட்டால், கண்மாய்ப் பாசன வயல் காய்ந்தது கணக்கிலேயே வராது. அறுவடைச் சோதனை நடக்கும் நாளில் ஊர்க்காரர்கள் உடனிருப்பது அதனால் முக்கியம்.

தரையைப் பற்றிய பாதிக்கு வாருங்கள். உங்கள் வயலுக்கு வண்டல் மண் இலவசம். 2024 ஜூலை முதல் வட்டாட்சியர் அனுமதியே போதும். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர். மண்பாண்டம் செய்பவர்களுக்கும் 60 கன மீட்டர் உண்டு. புரவி செய்யும் வேளார் குடும்பம் உங்கள் ஊரில் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். மடைப் பக்கம் மேடாகக் கிடக்கும் வண்டலிலிருந்து எடுக்கும்படி கேட்டு வாங்குங்கள்.

ஊரில் யாராவது ஒருவர் மழையை அளந்து எழுத வேண்டும். பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ ஒரு மழைமானி, தினமும் காலை 8.30-க்கு ஒரு குறிப்பு. மடைக்கல்லில் பெயிண்டால் அடிக்கணக்குக் கோடு. ‘இத்தனை சென்டிமீட்டர் பெய்தும் கண்மாயில் இத்தனை அடிதான் ஏறியது’ என்று இரண்டு ஆண்டுக் குறிப்பைக் கொண்டுபோய் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் வைத்துப் பாருங்கள். ‘மழை இல்லை’ என்ற பதிலை அதற்கு மேல் யாரும் சொல்ல முடியாது.

பிறகு, வரத்துக்காலைக் கண்மாயிலிருந்து மேல்நோக்கி நடந்து பாருங்கள். நாலு பேர், ஒரு காலைப்பொழுது போதும். கையில் கிராம வரைபடமும், வாய்க்கால் புறம்போக்கின் புல எண்களும் இருக்கட்டும். ‘அ’ பதிவேட்டை இணையத்திலேயே பார்க்கலாம். எந்தப் புல எண்ணில் அடைப்பு, எந்த இடத்தில் ரோட்டுக் குழாய் சிறியது, எங்கே வேலி உள்ளே வந்திருக்கிறது என்று படத்தோடு குறியுங்கள். 2007-ம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் நீர்வளத்துறைக் கண்மாய்களுக்குத் துணைக்கு வரும். ஆனால், ‘எங்கள் கண்மாயைத் தூர்வார வேண்டும்’ என்ற பொத்தாம்பொதுவான மனு எந்தப் பெட்டியிலும் தூங்கும். புல எண் உள்ள மனுவுக்கு யாராவது பதில் எழுதியே ஆக வேண்டும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நவம்பர் 1 கூட்டத்தில் வரத்துக்காலைப் பற்றிப் பேசினால் மழை முந்திக்கொண்டிருக்கும். மார்ச் 22, தண்ணீர் தினக் கூட்டத்தில் தீர்மானம் போட்டால் பங்குனி, சித்திரை, வைகாசி என்று வேலை செய்ய மூன்று மாதம் கிடைக்கும். அதைத் தவறவிட்டவர்களுக்கு ஆகஸ்ட் 15 கடைசி வாய்ப்பு. மேல் கண்மாய் ஊர்க்காரர்களையும் அதற்கு முன்பே ஒருநாள் போய்ப் பார்த்துப் பேசிவிடுங்கள். அவர்கள் ஊராட்சியிலும் அதே தீர்மானம் நிறைவேறினால்தான் சங்கிலியின் அந்தக் கண்ணி சேரும்.